புது டாட்டூ ஆறும் வரை: முதல் நாளிலிருந்து என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது

டாட்டூ குத்தினால் வலிக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. வலி அன்றோடு போய்விடும். அதற்குப் பிறகு வரும் மூன்று நான்கு வாரம்தான் அந்தக் கோடுகள் தெளிவாக நிற்குமா, அங்கங்கே வெளுத்துத் திட்டுத் திட்டாகப் போகுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. என் முதல் டாட்டூ முன்கையில். சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை களிம்பை அப்பினேன். பொருக்கு ஊறிப்போய், சட்டைக் கையோடு ஒட்டி, சட்டையைக் கழற்றும்போது மையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் கோடு அறுந்து, பின்னால் திரும்பக் குத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று குத்திக்கொண்டேன், நண்பர்கள் பலருக்குக் கூட இருந்து பார்த்தும் இருக்கிறேன். புது டாட்டூ கெடுவதில் அக்கறைக் குறைவை விட அக்கறை மிகுதிக்குத்தான் பங்கு அதிகம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அது தெரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். ஊசி சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, மேல்தோலைத் தாண்டி அதற்கடுத்த உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்வது, அதில் தங்கிய மை சில வாரங்களில் உதிர்ந்துவிடும். உள்தோலில் இறங்கிய மையை உடல் அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடி வந்து அதை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கியதை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. டாட்டூ வருடக்கணக்காக நிற்பது இப்படித்தான்.

ஆக இப்போது உங்கள் உடம்பில் இருப்பது ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு புண். மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுதாக ஆற இரண்டு மூன்று மாதம், பெரிய டாட்டூவுக்கு இன்னும் கூட ஆகலாம். மேலே மூடும் வரை கிருமி உள்ளே போக வழி திறந்திருக்கிறது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்தால், இதைச் செய்யலாமா கூடாதா என்ற பெரும்பாலான கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ள முடியும்: இதே இடத்தில் முழங்கால் சிராய்ப்பு இருந்தால் இதைச் செய்வேனா?

சர்க்கரை நோய் இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், காயம் ஆறினால் தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் எல்லாம் குத்துவதற்கு முன்பே டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும். பேசாமல் குத்திக்கொண்டிருந்தால் இப்போதாவது பேசிவிடுங்கள்.

உறையை எப்போது எடுப்பது

குத்தி முடித்ததும் ஆர்ட்டிஸ்ட் ஏதாவது ஒன்றைப் போட்டு மூடித்தான் அனுப்புவார். அது என்ன, எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் குத்தி முடித்த களைப்பில் காதில் விழுவது பாதிதான் மனதில் நிற்கும்.

சமையலறையில் பாத்திரத்தை மூடப் பயன்படுத்துகிற மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை என்றால் அது வீடு வந்து சேரும் வரைக்கும்தான். பொதுவாக சில மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அதற்குள் வியர்வையும் கசிவும் சேர்ந்து ஈரமும் சூடுமாக இருக்கும், கிருமி பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது. ஒருமுறை எடுத்த உறையைத் திரும்பச் சுற்றாதீர்கள்.

இன்னொன்று, செகண்ட் ஸ்கின் என்று சொல்கிற ஒட்டும் படலம். இது காற்றை விடும், தண்ணீரை விடாது. இதைப் பல நாள் வைத்திருக்கலாம். வழக்கமாக முதல் படலத்தை ஒரு நாளில் மாற்றிவிட்டு, அடுத்ததை நான்கைந்து நாள் விடச் சொல்வார்கள். அதற்கடியில் மையும் ரத்தமும், புண்ணிலிருந்து கசியும் தெளிந்த நிணநீரும் கலந்து கறுப்புக் குளம் மாதிரித் தேங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் டாட்டூவே கரைந்து போய்விட்டது என்று பதறுவார்கள். பயப்பட வேண்டாம், வெளியே வருவது மிச்ச மை. ஆனால் ஓரம் பிரிந்து ஒழுக ஆரம்பித்தால் அப்படியே அழுத்தி ஒட்ட வைக்காமல் எடுத்துவிடுங்கள், அந்த இடைவெளி வழியாக வெளியில் இருக்கும் அழுக்கு உள்ளே போகும். எடுக்கும்போது குளியலறையில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக்கொண்டே, மேலே தூக்காமல், தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இழுத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். படலம் இருந்த வடிவத்திலேயே தோல் சிவந்து, அரித்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் பசை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடனே எடுத்துக் கழுவிவிட்டுச் சாதாரண முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கழுவுவது

முதல் கழுவல் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். நகத்தடியும் சேர்த்து. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், சூடு வேண்டாம். வாசனையும் சாயமும் இல்லாத மென்மையான திரவ சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் வட்டமாக, குழந்தையின் முகம் கழுவுகிற அழுத்தத்தில் தேய்த்தால் போதும். நார், ஸ்பாஞ்சு, துணி எதுவும் வேண்டாம். ஷவரின் வேகத்தை நேராக அதன் மேல் பாய விடாதீர்கள், அதற்கு மேலே பட்டு வழிந்து வரட்டும். வழவழப்பாக ஒரு படலம் கையில் தட்டுப்படும், அது காய்ந்த நிணநீர். அது போகும் வரை பொறுமையாகக் கழுவினால் பின்னால் பொருக்கு தடிமனாகக் கட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் நாள் கழுவல்தான் மொத்தத்திலும் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

துடைப்பதற்குத் துண்டு கூடாது. துண்டில் கிருமியும் இருக்கும், அதன் இழைகள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சுத்தமான டிஷ்யூவால் ஒத்தி எடுங்கள், அப்புறம் பத்து நிமிடம் காற்றில் காய விடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை இப்படி. அதன் பிறகு காலை, இரவு இரண்டு வேளை போதும். ஊற வைப்பது மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

எவ்வளவு கிரீம்

நான் தவறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாய்ஸ்சரைசர் போடுவதன் நோக்கம் தோல் வறண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அது மருந்தில்லை, அதிகம் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பதும் இல்லை. உள்ளங்கை அளவு டாட்டூவுக்கு ஒரு பட்டாணி அளவு தாராளம். தடவிய பிறகு தோல் லேசாகப் பளபளக்க வேண்டும். தொட்டால் விரலில் வழுக்கினாலோ, வெள்ளையாகப் படிந்து தெரிந்தாலோ அதிகமாகிவிட்டது, டிஷ்யூவால் ஒத்தி எடுத்துவிடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போது தடவவும் கூடாது, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்தது போல் ஆகிவிடும். ஊறிய பொருக்குதான் எதிலாவது ஒட்டிக்கொண்டு வரும்.

எதைத் தடவுவது என்பதில் ஆர்ட்டிஸ்டுக்கு ஆர்ட்டிஸ்ட் கருத்து மாறும். வாசனை இல்லாத, தண்ணீர் சார்ந்த லோஷன் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கமும் அதைத்தான் சொல்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மையை மங்கச் செய்யலாம் என்பதால் வேண்டாம் என்கிறது. பழைய ஆர்ட்டிஸ்டுகள் சிலர் முதல் இரண்டு நாளைக்கு மட்டும் களிம்பு போடச் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால், இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் போடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் ஆயின்ட்மென்டை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். நியோமைசின் கலந்தவை நிறையப் பேருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், சிவந்து அரிக்கும், அதைப் பார்த்து கிருமித் தொற்று என்று நினைத்து இன்னும் அதிகமாக அதையே போடுவோம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு சேர்த்துப் புதுச் செல்லையும் வதைக்கும். யார் சொன்ன கைமருந்தாக இருந்தாலும், பொடியோ எண்ணெயோ சாறோ, திறந்த புண்ணில் பரீட்சை வேண்டாம்.

நாளுக்கு நாள் எப்படி இருக்கும்

முதல் இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், வெயிலில் காந்தியது போல எரியும், மை கலந்த நீர் கசியும். படுக்கை விரிப்பில் கறை படும், அதனால் பழைய, ஆனால் துவைத்த விரிப்பாகப் பார்த்துப் போடுங்கள். டாட்டூ மேல் அழுந்தப் படுக்காதீர்கள். கணுக்கால், பாதம், கெண்டைக்காலில் குத்தியிருந்தால் நன்றாகவே வீங்கும், உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்போது விரிப்போ சட்டையோ ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். ஒட்டிய துணியோடு அப்படியே குளியலறைக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்தால் தானாக விட்டுவிடும்.

நான்காவது, ஐந்தாவது நாள் வாக்கில் இறுக்கமாகத் தோன்றும், பிறகு உரிய ஆரம்பிக்கும். உரிந்து வரும் செதிலில் நிறம் இருக்கும். கறுப்புச் செதில்கள் உதிர்வதைப் பார்த்தால் காசு கொடுத்துக் குத்தியது கண்முன்னே கொட்டுகிறதே என்று வயிறு கலங்கும். அது மேல்தோலில் தங்கிய மை, எப்படியும் போக வேண்டியது. உங்கள் டாட்டூ அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது, நீங்கள் நோண்டாத வரைக்கும்.

அரிப்பு வரும். பயங்கரமாக வரும். இரண்டாவது வாரம் கை தானாகப் போகும், தூக்கத்தில் கூடப் போகும். சொறிய வேண்டாம் என்று சொல்வது எளிது, எனக்குத் தெரியும். எனக்கு உதவியவை: நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது, அரிக்கும்போது சுத்தமான உள்ளங்கையால் லேசாகத் தட்டுவது, சுத்தமான துணியில் ஏதாவது குளிர்ந்ததைச் சுற்றிச் சில நிமிடம் வைப்பது, ஒரு கழுவல் கழுவி மெல்லிய லோஷன். தூக்கத்தில் சொறிகிறவர்கள் அந்த இடத்தை மூடும் தளர்வான பருத்தி உடை போட்டுக்கொண்டு படுக்கலாம். பாதி பிரிந்து தொங்கும் செதிலைக் கிள்ளிவிட்டால் என்ன என்று தோன்றும் பாருங்கள், அப்போதுதான் பலரும் தவறுகிறார்கள். தொங்குகிற பாதி தயாராக இருக்கலாம், ஒட்டியிருக்கிற பாதி தயாராக இல்லை. இழுத்தால் கீழிருக்கும் புதுத் தோலும் மையும் கூடவே வரும், அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும் அல்லது தழும்பு கட்டும்.

உரிந்து முடிந்த பிறகு டாட்டூ மங்கலாக, மேலே பால் தடவியது போல, கொஞ்சம் சுருங்கிப் பளபளப்பாகத் தெரியும். இதுதான் முடிவான நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே இருப்பது இன்னும் முதிராத புதுத் தோல். அது சாதாரணத் தோலாக மாற மாற, ஒரு மாதம் வாக்கில் நிறம் தெளிந்து வரும்.

தண்ணீர், வெயில், உடற்பயிற்சி

குளிக்கலாம், தாராளமாக. நீந்தவும் மூழ்கவும் கூடாது: நீச்சல் குளம், கடல், ஆறு, ஏரி, தொட்டிக் குளியல் எல்லாமே குறைந்தது மூன்று வாரம், உரிவது முழுதாக நின்று தோல் மூடிய பிறகுதான். கடலின் உப்புத் தண்ணீர் காயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். 2017-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது: டாட்டூ குத்தி ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார் 31 வயதுக்காரர் ஒருவர். வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் விப்ரியோ என்ற பாக்டீரியா கெண்டைக்காலில் இருந்த புண் வழியாக உள்ளே போய், தீவிர சிகிச்சை கொடுத்தும் சுமார் இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது, அதனால்தான் அவ்வளவு மோசமானது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனாலும் மூன்று வாரம் காத்திருப்பது பெரிய விஷயமே இல்லை. கடற்கரைப் பயணம் திட்டமிட்டிருந்தால் டாட்டூவைத் தள்ளிப் போடுங்கள், இல்லை பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

உரிந்து முடியும் வரை சன்ஸ்கிரீன் கூட வேண்டாம், திறந்த புண்ணில் அது எரியும். தளர்வான துணியால் மூடிக்கொண்டு நிழலில் நடங்கள். ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை, வெளியில் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இது முதல் மாதத்துக்கு மட்டும் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மையைச் சிதைத்து மங்க வைக்கும், டாட்டூ இருக்கும் காலம் முழுக்க இது தொடரும்.

ஜிம்முக்குக் குறைந்தது இரண்டு நாள் விடுப்பு, முடிந்தால் ஒரு வாரம். பிரச்சினை வியர்வை மட்டும் இல்லை. பலர் படுத்து எழுந்த பாயும், பலர் பிடித்த கம்பியும் புண்ணில் உராய்வதுதான் பெரிய ஆபத்து. முழங்கை, முழங்கால் போல மடங்கும் இடத்தில் குத்தியிருந்தால் அந்த மூட்டுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியை இன்னும் கொஞ்ச நாள் தள்ளுங்கள், மடக்கி நீட்டும்போது பொருக்கு வெடிக்கும். வேர்த்தால் உடனே கழுவிவிடுங்கள். இறுக்கமான உடை, பெல்ட், உள்ளாடைப் பட்டை உரசும் இடமென்றால் அதற்கேற்ப உடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் முடி மழிப்பதை முழுதாக ஆறும் வரை மறந்துவிடுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் கஷ்டம்தான், ஆனால் இரண்டு வாரத்துக்கு அதன் நாக்கும் நகமும் அங்கே படக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போவது

சாதாரணமாக ஆறுகிற டாட்டூ ஒவ்வொரு நாளும் முந்தைய நாளை விடக் கொஞ்சம் நன்றாக இருக்கும். இந்தத் திசை மாறினால் கவனியுங்கள். மூன்று நாள் கழிந்தும் வலியும் சிவப்பும் கூடிக்கொண்டே போனால், சிவப்பு டாட்டூவின் எல்லையைத் தாண்டிப் பரவினால், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணிலிருந்து கோடு போட்டது போலச் சிவப்பு மேலேறுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஆர்ட்டிஸ்டிடம் படம் அனுப்பிக் கேட்பதில் தவறில்லை, நல்ல ஆர்ட்டிஸ்ட் தானே டாக்டரிடம் போகச் சொல்வார். ஆனால் அவருடைய பதிலுக்காக மருத்துவத்தைத் தள்ளிப் போடக் கூடாது. சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டதா என்று கண்ணாலேயே தெரியும், டாக்டருக்கும் அது உதவும்.

மெதுவாகத் தலைகாட்டும் தொந்தரவும் உண்டு. 2011-இல் நியூயார்க் மாகாணத்தின் ராசெஸ்டர் பகுதியில் 19 பேருக்கு, சாம்பல் நிறம் குத்திய இடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. தேடிப் பார்த்தபோது சாம்பல் நிறமாக முன்பே கலந்து விற்கப்பட்ட மையிலேயே மைகோபாக்டீரியா என்ற கிருமியில் ஒரு வகை இருந்தது தெரிந்தது. ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கழுவினாலும் இப்படி நேரலாம். இது வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாது. ஆகவே இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரே நிறத்தில் மட்டும் பருக்கள் தோன்றி மறையாமல் நின்றால், டாக்டரிடம் டாட்டூ குத்திய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் புடைப்பும் தீராத அரிப்பும் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். சிவப்பு மைக்குத்தான் இது அதிகம், மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக் கூட வரும். இதற்குத் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஓரிரு இடத்தில் நிறம் விட்டுப் போயிருக்கலாம். விரல், உள்ளங்கை, பாதம் போல ஓயாமல் உரசும் இடங்களில் இது சகஜம். அதைப் பார்த்ததும் ஓடாதீர்கள். குறைந்தது ஆறு வாரம் போகட்டும், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஆர்ட்டிஸ்டிடம் காட்டி டச்சப்புக்கு, அதாவது விட்டுப்போன இடத்தில் மட்டும் திரும்பக் குத்துவதற்கு, நாள் கேளுங்கள். முதல் முறை குத்தும்போதே டச்சப் பற்றிப் பேசி வைத்திருந்தால் சிலர் தனியாகக் காசு வாங்குவதில்லை. டச்சப் செய்த இடமும் புதுப் புண்தான், அன்று இரவிலிருந்து திரும்பவும் அதே கழுவல், அதே பட்டாணி அளவு லோஷன்.